அவுட் சொல்ல வாய் வரவில்லை

"ஹலோ ஏபிள், ஹலோ ஏபிள். டாக் பேசுறேன். மணல் மேல உக்காந்திருக்கோம். கஞ்சி கொதிக்குது. வேற ஒண்ணுமில்ல. ஓவர்."

அன்றைக்கு மத்தியானம் மலைக்குள்ளிருந்து வந்த செய்தி இவ்வளவுதான். பேசியவர் என் அக்காவின் வீட்டுக்காரர், சின்னச்சாமி மச்சான். கேட்டுக்கொண்டிருந்தவன் நான். பண்ணைப்புரத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தில், சோளம் அறுத்து முடித்த ஒரு காட்டில் எங்கள் முகாம். புளியமரத்தடியில் ஒரு மரப்பெட்டி, அதன் மேல் வயர்லெஸ் செட்டு, அதன் முன்னால் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு நான்.

நான் சொல்ல வேண்டிய பதில் ரெண்டே வார்த்தை. 'ரோஜர், அவுட்.' ரோஜர் என்றால் நீ சொன்னது எனக்குப் புரிந்தது. அவுட் என்றால் பேச்சு முடிந்தது, பதில் வேண்டாம். அந்த அவுட்டைக் கேட்டதும் மலையில் இருக்கிறவர்கள் செட்டை அணைத்துவிடுவார்கள். பொழுது சாயத்தான் மறுபடி திறப்பார்கள். பேட்டரியை அப்படித்தான் காப்பாற்ற வேண்டியிருந்தது.

முதுகுக்குப் பின்னால், எங்களுக்கு வயர்லெஸ் சொல்லிக்கொடுத்த குட்டன் ஹவில்தார் நின்றுகொண்டிருந்தார். நான் 'ரோஜர்' என்றேன். அடுத்த வார்த்தைக்கு வாய் வரவில்லை.

மச்சானை நாய் என்று கூப்பிட்டது

பர்மா பக்கம் சண்டை நடந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. அங்கே அனுப்புவதற்கு முன்னால் எங்களுக்குக் காட்டில் பழக்கம் வேண்டும் என்று மேலிடத்தில் யாரோ நினைத்தார்கள். எந்த மகராசன் வரைபடத்தில் விரலை வைத்தானோ தெரியாது, விரல் எங்கள் ஊர் மலைமேலேயே விழுந்தது. போடி ரயிலின் தண்டவாளத்தைச் சண்டைக்காகப் பெயர்த்துக்கொண்டு போயிருந்த நேரம். அதனால் வழி முழுக்க லாரியில் குலுங்கிக் குலுங்கி வந்து, நான் சின்ன வயசில் மாடு மேய்த்த காட்டிலேயே பட்டாளத்துச் சட்டையோடு இறங்கினேன்.

மச்சானுக்குச் சொந்த ஊர் ஜெயமங்கலம். நான் பட்டாளத்தில் சேர்ந்த கொஞ்ச நாளில் அவரும் வந்து சேர்ந்துவிட்டார். நான் லீவில் வந்தபோது வயர்லெஸ்ஸைப் பற்றி அளந்துவிட்டதுதான் காரணம் என்று அக்கா அடித்துச் சொன்னாள். "நீ போனதுமில்லாம அவுகளயும் இழுத்துட்டுப் போயிட்டியேடா" என்று என்னோடு பேசாமல் இருந்தாள். அப்புறம் அவளுக்கு ஏழாம் மாசம் வளைகாப்புப் போட்டு, தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். முகாமுக்கும் வீட்டுக்கும் கூப்பிடு தூரம். கோபம் இருந்தாலும் தினமும் மத்தியானம் தூக்குச்சட்டியோடு வந்து முள்வேலி ஓரம் நின்றுவிடுவாள். கை நிறையக் கண்ணாடி வளையல். அவள் வருவது சத்தத்திலேயே தெரியும்.

கோபம் இன்னும் முறுக்கிக்கொள்ள ஒரு காரியம் நடந்தது. வயர்லெஸ்ஸில் ஆள் பெயர், பதவி, ஊர் பெயர், படையின் பெயர் எதையும் சொல்லக்கூடாது. எதிரி கேட்டுக்கொண்டிருப்பான். அதனால் ஒவ்வொரு செட்டுக்கும் ஒரு எழுத்து, எழுத்துக்கு ஒரு வார்த்தை. ஏபிள், பேக்கர், சார்லி, டாக். தலைமை நிலையம் ஏபிள், அது நான். மச்சானுக்கு வாய்த்தது டாக். ஒரு நாள் வேலியோரம் நின்ற அக்கா, நான் தொண்டை கிழிய "டாக், டாக்" என்று கூப்பிடுவதைக் கேட்டு, அப்படி என்றால் என்ன என்று சமையல்காரனிடம் விசாரித்திருக்கிறாள். அந்தப் பாவி அர்த்தம் சொல்லிவிட்டான்.

"எங்க வீட்டு மனுசர நீ நாயின்னா கூப்பிடுற? ஏலே, உனக்கு நாக்கு அழுகாதா?"

அதற்கு நான் என்ன விளக்கம் சொன்னாலும் எடுபடவில்லை.

அமுக்கு, பொறு, பேசு

என் பட்டாளத்துக் கதைகளைப் படிக்கிற ஒரு வாசகர் போன வாரம் எழுதிக் கேட்டிருந்தார், வயர்லெஸ்ஸில் பேச அப்படி என்ன படிப்பு வேண்டும், டெலிபோனில் பேசுகிற மாதிரிதானே என்று. இல்லை ஐயா. டெலிபோனில் ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் சண்டை போடலாம். வயர்லெஸ்ஸில் அது நடக்காது. மைக்கில் ஒரு கட்டை இருக்கும். அதை அமுக்கினால் பேசலாம், விட்டால் கேட்கலாம். அமுக்கிக்கொண்டிருக்கும்வரை எதிர்ப்பக்கம் கத்தினாலும் உங்கள் காதில் விழாது.

முதல் பாடம், பேசுவதற்கு முன் கேள். வேறு யாராவது பேசிக்கொண்டிருந்தால் குறுக்கே விழாதே. ரெண்டாவது, அமுக்கு, ஒரு மூச்சு பொறு, அப்புறம் பேசு. அவசரப்பட்டால் முதல் வார்த்தை காற்றோடு போய்விடும். எங்களோடு இருந்த ஒருவன் 'நாளைக்கு லாரிய அனுப்பு' என்று அவசரமாகப் பேசி, மறுமுனையில் 'நாளைக்கு' விழாமல், லாரி அன்றைக்கே வந்து நின்று, ஒரு வாரம் பாத்திரம் தேய்த்தான். மூன்றாவது, சுருக்கமாகப் பேசு. ஏதாவது எண் சொன்னால் கேட்கிறவன் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். கரகரப்பு அதிகமாக இருந்தால் ஒவ்வொன்றையும் ரெண்டு தடவை சொல்ல வேண்டும்.

இன்னொரு விதி எல்லாவற்றுக்கும் மேலே. செய்தியை உண்டாக்குகிறவன் அதிகாரி, அதைக் கடத்துகிறவன்தான் நீ. உன் சொந்தச் சரக்கு ஒரு வார்த்தைகூட அதில் ஏறக்கூடாது.

பேசி முடித்துப் பதிலை எதிர்பார்த்தால் ஓவர். பதில் வேண்டாமென்றால் அவுட். இந்தக் காலத்து சினிமாக்களில் கதாநாயகன் 'ஓவர் அண்டு அவுட்' என்று மூச்சுவிடாமல் சொல்லும்போது எனக்கு வயிறு எரியும். விருந்தாளியை உள்ளே வாங்க என்று கூப்பிட்டு, அதே கையால் கதவைச் சாத்துகிற மாதிரி இருக்கிறது அது.

வாசலைத் தாண்டாதவர்கள்

இதிலெல்லாம் எனக்கும் மச்சானுக்கும் ஒரு கஷ்டமும் இல்லை. கஷ்டம் அந்த அவுட்டில்தான் வந்தது.

எங்கள் பக்கத்தில் யாரும் 'போறேன்' என்று சொல்லி வீட்டை விட்டு இறங்குவதில்லை. கடைக்குப் போனாலும் 'போயிட்டு வாறேன்'தான். தெரியாமல் 'போறேன்' என்று சொல்லிவிட்டால் திரும்பக் கூப்பிட்டு, உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, சரியாகச் சொல்லவைத்து அனுப்புவார்கள். அப்படி வளர்ந்தவனிடம் மைக்கைக் கொடுத்து, எதிரில் இருக்கிற சொந்தக்காரனிடம் 'முடிஞ்சது, இனிப் பேசாதே' என்று சொல்லச் சொன்னால் வாய் வருமா?

பேக்கரிடமும் சார்லியிடமும் சொல்லிவிடுவேன். அவர்கள் வடக்கத்திப் பையன்கள், அவர்களும் கூசாமல் சொல்வார்கள். மச்சானிடம் மட்டும் வராது. அவருக்கும் வராது. ஆரம்பத்தில் 'சரிங்க மச்சான், ஓவர்', 'சரி மாப்ள, ஓவர்' என்று வாசலில் நின்றுகொண்டே விடைபெறுகிற மாதிரி இழுத்துக்கொண்டிருந்தோம். குட்டன் ஹவில்தார் ஒரு நாள் ஹெட்போனைப் பிடுங்கிக் கேட்டுவிட்டு ஆடித் தீர்த்துவிட்டார். அவர் மலையாளி, பாலக்காட்டுப் பக்கம். வேலையில் புலி. கோபம் வந்தால் தமிழும் மலையாளமும் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டு வரும்.

"எடோ, இது நின்டெ அம்மாவன் வீட்டுக் கல்யாணமோ? பேட்டரி எந்தா, மரத்தில காய்க்குமோ? தலைமை நிலையம் நீ. நீயாக்கும் அவுட் சொல்ல வேண்டியவன்."

அதற்கப்புறம் நாங்கள் ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தோம். விதியில் 'வெயிட்' என்று ஒரு வார்த்தை உண்டு. இரு, கேட்டுக்கொண்டே இரு, மறுபடி கூப்பிடுகிறேன் என்று அர்த்தம். ஹவில்தார் அங்கே இங்கே நகர்ந்தால் அவுட்டுக்குப் பதில் அதைச் சொல்லி வைத்துவிடுவேன். மச்சான் செட்டை அணைக்காமல் கொஞ்ச நேரம் காதில் வைத்திருந்துவிட்டு, பிறகு அவராகவே மூடிவிடுவார். யாரும் யாரையும் வழியனுப்பவில்லை, யாரும் போகவும் இல்லை. எங்களுக்கு அது போதுமாக இருந்தது.

உச்சி காணாமல் போனது

அன்றைக்கும் அதைத்தான் செய்தேன். ஹவில்தார் பின்னால் நிற்கிறார் என்று தெரிந்தும் வாய் தானாக "வெயிட்" என்றது. காலையில் மச்சான் செட்டை முதுகில் கட்டிக்கொண்டு கிளம்பியபோது வேலியோரம் அக்கா நின்றிருந்தாள். அவர் அவளைப் பார்த்து, "போயிட்டு வாறேன்" என்று சத்தமாகவே சொல்லிவிட்டுப் போனார். அதுதான் காதுக்குள் இருந்தது.

"எந்தினு வெயிட்? எதுக்கு?" என்றார் ஹவில்தார். "அவனோடு இனி எந்து பறயான் உண்டு? அவுட் சொல்லடோ. என் முன்னால சொல்லு."

மைக்கை எடுத்தேன். அவர் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்ததால் மலையைப் பார்த்தேன். மலையின் உச்சியைக் காணோம்.

எங்கள் தலைக்கு மேல் ஐப்பசி வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. மேலே மட்டும் மேகக் கருக்கல் இறங்கி, பாதி மலைவரை வெள்ளைத் துணி கட்டின மாதிரி மழை. இங்கே இலைகூட அசையவில்லை. மணல் மேல உக்காந்திருக்கோம் என்று மச்சான் சொன்னாரே, இந்த மலையில் மணல் எங்கே இருக்கிறது? ஓடையில்தான் இருக்கிறது. வருஷத்தில் பாதி நாள் காய்ந்து கிடக்கிற ஓடை. கல்லில்லாத சமதரை, ஏரியல் கம்பி நிறுத்த இடம், அடுப்புக் கூட்ட இடம். அவர்களைக் கூட்டிப்போன லெப்டினன்ட் வெளியூர்க்காரர், அவருக்கு அது அரண்மனையாகத் தெரிந்திருக்கும். மச்சானும் வயல்காட்டு மனுசர். அவர் ஊரில் தண்ணீர் கண்மாயிலிருந்து வாய்க்கால் வழியாக அடக்க ஒடுக்கமாக வரும். எங்கள் ஓடையில் அப்படி வராது. மேலே கொட்டினால் மலைக்குள்ளே சுவர் மாதிரி, கரையையும் அரித்துக்கொண்டு வரும். மரத்துக்கடியில் இருக்கிறவனுக்கு உச்சியும் தெரியாது, மழையும் தெரியாது.

"ஹவில்தார் சார், மேல மழை."

"மழைன்னா மழை. இவிட வெயில் அல்லே?"

"அவுக உக்காந்திருக்கிறது ஓடைக்குள்ள சார். தண்ணி வந்தா ஆள விடாது. இப்பவே ஏறச் சொல்லணும்."

செய்தி கொடுக்க வேண்டிய கேப்டன் ஜீப்பில் உத்தமபாளையம் போயிருந்தார். அதிகாரி கொடுக்காத செய்தியை அனுப்பினால் என்ன ஆகும் என்று எனக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவரே இவர்தான். குட்டன் ஹவில்தார் மலையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"பறயடா, சொல்லு" என்றார்.

அமுக்கி, ஒரு மூச்சு பொறுத்தேன். அந்த ஒரு மூச்சைப் போல நீளமான மூச்சை அதற்கப்புறம் நான் விட்டதில்லை.

"ஹலோ டாக், ஹலோ டாக். மேல மழை. மேல மழை. மணல விட்டு ஏறுங்க. மணல விட்டு ஏறுங்க. கரைக்கு வேணாம், பாறைக்கு. கரைக்கு வேணாம், பாறைக்கு. ஓவர்."

கட்டையை விட்டேன். மின்னலின் கரகரப்பு காதைக் கிழித்தது. மறுபடி சொன்னேன். மறுபடியும் கரகரப்பு. அதற்குள்ளிருந்து, கிணற்றுக்குள் பேசுகிற மாதிரி, மச்சான் குரல் வந்தது.

"மேல மழை. மணல விட்டு ஏறணும். கரைக்கில்ல, பாறைக்கு. ரோஜர்."

எண்ணைத்தான் திருப்பிச் சொல்ல வேண்டும் என்பது விதி. அந்த மனுசன் எல்லாவற்றையும் திருப்பிச் சொன்னார். அப்புறம் சத்தம் நின்றுவிட்டது.

யாரு சட்டி?

ஏறுகிறவர்கள் ஏரியலை மடக்கித்தான் ஏற வேண்டும். அதுவரை பேச முடியாது. இது எனக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய? நான் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். லெப்டினன்ட் சம்மதித்தாரா, ஒரு சிப்பாய் பேச்சைக் கேட்டு அவர் எழுந்திருப்பாரா, ஒன்றும் தெரியவில்லை.

அந்த ஓடை எங்கள் முகாமை ஒட்டித்தான் கீழே இறங்குகிறது. முதலில் ஒரு இரைச்சல் கேட்டது. பிறகு ஈர மண் வாசனை. அப்புறம் நுரையும் சருகும் தள்ளிக்கொண்டு செந்தண்ணீர் வந்தது. ஊர்ச்சனம் புதுத் தண்ணீர் பார்க்க ஓடி வந்தது. எப்போதும் வரும். அக்காவும் தூக்குச்சட்டியோடு வந்து கரையில் நின்றாள்.

ஹவில்தார் ஹெட்போனைத் தான் வாங்கி மாட்டிக்கொண்டு, என்னைப் போய்ப் பார்க்கச் சொன்னார். நான் கரைக்குப் போன நேரத்தில்தான் அது வந்தது. அலுமினிய டேக்சா, பட்டாளத்துச் சமையல் பாத்திரம். தண்ணீரில் சாய்ந்தும் நிமிர்ந்தும் உருண்டு வந்தது. பக்கவாட்டில் எங்கள் படையின் அடையாளம், பச்சைப் பெயிண்டில்.

"தம்பி, அது யாரு சட்டி?" என்றாள் அக்கா.

"எந்த ஊருச் சட்டியோ" என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். நான் திரும்பி மரத்தடிக்கு நடந்தேன். அவளும் முள்வேலியை விலக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தாள். முகாமுக்குள் வெளியாள் வரக்கூடாது என்று அவளைத் தடுக்க ஒருத்தருக்கும் தைரியம் வரவில்லை.

ஹவில்தார் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். எதுவும் இல்லை என்று கையசைத்தார். நான் பெட்டி மேல் கையூன்றி நின்றேன். குலதெய்வத்துக்குக் கிடாய் நேர்ந்துகொண்டேன். அது போதாது என்று பக்கத்து ஊர் சாமிக்கும் நேர்ந்துகொண்டேன்.

திடீரென்று ஹவில்தார் கண்ணைத் திறந்தார். ஹெட்போனைக் கழற்றி என் காதில் வைத்து அமுக்கினார்.

"...ஏபிள். ஹலோ ஏபிள். டாக் பேசுறேன். கஞ்சி போயிருச்சு மாப்ள. ஆளு அம்புட்டுப் பேரும் பாறை மேல இருக்கோம். லெப்டினன்ட் தொப்பியும் போயிருச்சு. ஓவர்."

மாப்ள என்றும் லெப்டினன்ட் என்றும் சொன்னதில் மட்டும் ரெண்டு விதி உடைந்தது. நான் அழுதுவிட்டேன். வெட்கப்படவில்லை. என்னை மீறி வந்தது, வரட்டும் என்று விட்டுவிட்டேன். "இருக்காகக்கா. அம்புட்டுப் பேரும் இருக்காக. கஞ்சிதான் ஓடையோட போயிருச்சாம்" என்றேன். அக்கா அப்படியே பெட்டி ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

வளையல் சத்தம்

"நான் ஒரு வார்த்தை பேசணும்" என்றாள்.

சிவிலியன் கையில் மைக்கைக் கொடுத்தால் என்ன தண்டனை என்று எனக்கும் ஹவில்தாருக்கும் தெரியும். குட்டன் ஹவில்தார் தொண்டையைக் கனைத்தார். "ஞான் பேட்டரி பார்க்கணும்" என்று சொல்லிவிட்டு, பேட்டரியே இல்லாத திசையில் நடந்து போனார்.

மைக்கைக் கொடுத்துக் கட்டையைக் காட்டினேன். அக்கா ரெண்டு கையாலும் பிடித்து அமுக்கினாள்.

"ஏங்க, நாந்தேன். சாப்பிட்டீகளா?"

கஞ்சி ஓடையோடு போன கதையை இப்போதுதான் கேட்டிருக்கிறாள். இருந்தும் அவளுக்கு வந்த முதல் கேள்வி அதுதான். பதிலுக்குக் காத்திருந்தாள். வரவில்லை. "பேசமாட்டேங்கிறாகளே" என்று என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

"கட்டைய விடுக்கா. நீ அமுக்கிக்கிட்டே இருந்தா அவுக எப்படிப் பேசுவாக?"

விட்டாள். ஹெட்போனில் ஒரு பக்கத்தை அவள் காதிலும் மறு பக்கத்தை என் காதிலும் வைத்துக்கொண்டோம்.

"நீ வாயத் தொறக்குறதுக்கு முன்னாடியே தெரியும் புள்ள" என்றார் மச்சான். "வளையல் சத்தம் கேட்டுச்சு. இங்கன எல்லாரும் நல்லாருக்கோம். காலையில இறங்கிருவோம். ஓவர்."

அக்கா அவர் பெயரைச் சொல்லவில்லை, எந்தப் பெண்டாட்டியும் சொல்ல மாட்டாள். ஊர் பெயர் சொல்லவில்லை. டாக் என்று செத்தாலும் சொல்ல மாட்டாள். எங்கள் முகாமில் ஒரு விதிகூட மீறாமல் வயர்லெஸ்ஸில் பேசியவள் அவள் ஒருத்திதான் என்று இன்றைக்கும் அடித்துச் சொல்வேன்.

"முடிக்கிறப்ப ஏதோ சொல்லுவீகளே, அது என்ன?" என்று கேட்டாள். அவுட் என்று சொல்லி அர்த்தத்தையும் சொன்னேன். "போடா, அதெல்லாம் நான் சொல்லமாட்டேன்" என்று மைக்கைக் கீழே வைத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, தூக்குச்சட்டியை என் பக்கம் தள்ளினாள். உள்ளே கம்மஞ்சோறும் மோரும் சுண்டவத்தலும் இருந்தன. அன்றைக்குச் சாப்பிட்ட மாதிரி அப்புறம் சாப்பிடவில்லை.

ஹவில்தார் திரும்பி வந்தார். செட்டைப் பார்த்தார், இன்னும் திறந்தே கிடந்தது. என்னைப் பார்த்தார். நான் மைக்கை எடுக்கவில்லை. அவரே எடுத்து, அமுக்கி, ஒரு மூச்சு பொறுத்து, "டாக், வெயிட்" என்று சொல்லிவிட்டு வைத்தார்.

மறுநாள் வெயில் ஏறுவதற்கு முன்னால் இறங்கிவிட்டார்கள். உடம்பெல்லாம் சேறு. லெப்டினன்ட் தலையில் தொப்பிக்குப் பதில் துண்டு. மச்சான் செட்டை இறக்கி வைத்தார். ஹவில்தார் முதல் வேலையாகப் பேட்டரியைச் சோதித்தார். பொட்டுச் சக்திகூட இல்லை.

"எடோ, எந்தா இது? ராத்திரி முழுக்க செட்டைத் திறந்தா வெச்சிருந்தாய்?"

மச்சான் விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார். "வெயிட்டுன்னு சொன்னீக சார். அவுட்டுன்னு யாருமே சொல்லல."

வேலிக்கு அந்தப் பக்கம் வளையல் சத்தம் கேட்டது. ஹவில்தார் அந்தப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

"அவுட்" என்றார். "இனிப் போய் கஞ்சி குடிக்கடா."